கொடுக்கில்லாத குளவி

ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் ஜவ்வாது மலைச்சாலையில் இருக்கிறது காவலூர். அந்த நிறுத்தத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் இறங்கினால், வானத்தைப் பார்க்க வந்தவர் என்று கண்டக்டருக்கே தெரியும். வானியலாளர் வைணு பாப்பு பெயரில் 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. இந்தத் தொடர் தரையைப் பார்த்து நடப்பவர்களுக்கானது. ஆகவே நாம் சாலையோரத்து உண்ணிச்செடிப் புதரிடம் நின்றுவிடுவோம். மழைக்காலம் முடிந்த பிறகு, வெயில் உறைக்கத் தொடங்கும் காலை ஒன்பது, பத்து மணி இதற்குத் தோதான நேரம். கருவி எதுவும் வேண்டாம். குனிய முதுகு இடம் கொடுத்தால் போதும்.

புதரில் குளவிகள் வந்து போய்க்கொண்டிருக்கும். கறுப்பு உடல், மஞ்சள் பட்டை, நூலிடை. அவற்றுக்கு நடுவே ஒரு பூங்கொத்தில் இன்னொன்று உட்கார்ந்திருக்கும். அதுவும் கறுப்பு, அதற்கும் மஞ்சள் பட்டை. கரிய இறக்கையில் மட்டும் வெளிச்சம் ஊடுருவும் திட்டுகள். கையை வீசி விரட்டிப் பாருங்கள். எழும்பிச் சுற்றி வந்து மிரட்டாது. சோம்பலாகப் பத்தடி பறந்து அடுத்த புல்லில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது குளவியே இல்லை, பகலில் பறக்கும் அந்துப்பூச்சி. அமாட்டா பாசாலிஸ் என்பது நூல்களில் அதன் பெயர்.

ஆடு ஓட்டி வந்த பையன் ஒருவன், நான் அதை விரலில் ஏற்றிக்கொண்டதைப் பார்த்துப் பதறிவிட்டான். "கொளவி சார், கொட்டிடும்!" என்றான். கொட்டாது என்றதும் கொஞ்சம் யோசித்து, "அப்ப கொளவிக் குட்டியா சார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. கொட்டாத ஒன்றுக்கு எதற்குக் கொட்டும் ஒன்றின் தோற்றம்? யாரை ஏமாற்ற இந்த வேடம்? இந்த வாரம் பேச இருப்பது அதைத்தான். அதற்கு முன் இரண்டையும் பிரித்தறியத் தெரிய வேண்டும். தெரியாமல் விரலை நீட்டினால் பையன் சொன்னதுதான் நடக்கும்.

முதலில் இடுப்பைப் பாருங்கள். குளவிக்கு மார்பும் வயிறும் சேரும் இடத்தில் உண்மையாகவே உடல் ஒடுங்கியிருக்கும். வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டுகிற குளவிக்கு அந்த இடம் ஒரு காம்பாகவே நீண்டிருக்கும். அந்துக்கு இடுப்பு கிடையாது. வயிறு தொடங்கும் இடத்தில் அழுத்தமான மஞ்சள் ஒன்றைப் பூசிக்கொண்டு, தூரத்துக் கண்ணுக்கு உடல் அங்கே அறுபட்டதாகக் காட்டுகிறது. அடுத்து இறக்கை. அந்துப்பூச்சியைத் தொட்டால் விரலில் ஒட்டும் தூள், இறக்கையை மூடியிருக்கும் செதில்கள்தாம். அமாட்டாவின் இறக்கையில் சில இடங்களில் மட்டும் செதில் இல்லை. அந்த வெற்றிடங்கள்தாம் ஒளி ஊடுருவும் திட்டுகள். குளவியின் இறக்கையில் செதிலே கிடையாது. முன்னிறக்கையையும் பின்னிறக்கையையும் நுண்ணிய கொக்கிகள் கோத்து வைத்திருப்பதால் குளவிக்கு ஒரே சோடி இறக்கை இருப்பதாகத் தோன்றும். அமாட்டா அதற்கு வேறு வழி கண்டிருக்கிறது. அதன் பின்னிறக்கை மிகச் சிறியது, இருப்பதே தெரியாது.

வேடம் கலைவது உட்காரும்போதுதான். காகிதக் குளவி ஓய்வில் தன் முன்னிறக்கைகளை நீளவாக்கில் மடித்து முதுகோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். அமாட்டா இறக்கையை விரித்தபடியே இருக்கும். குளவியின் உணர்கொம்புகள் ஒரு கணம் சும்மா இருக்காது, அதன் நடையிலும் ஒரு பரபரப்பு உண்டு. அந்து அசையாமல் கிடக்கும். வாயைப் பார்க்கும் அளவுக்கு நெருங்க முடிந்தால் சந்தேகமே வேண்டாம். குளவிக்குக் கடித்து மெல்லும் தாடைகள், அந்துக்குச் சுருட்டி வைத்த உறிஞ்சுகுழல். புல்நுனியில் இரண்டு பூச்சிகள் வாலோடு வால் ஒட்டி, எதிரெதிர்த் திசை பார்த்தபடி பட்டப்பகலில் நெடுநேரம் இருந்தால் அவை அமாட்டா இணைகள். ஒளிந்துகொள்ளும் அக்கறையே அவற்றிடம் இல்லை.

இந்த வேடத்தில் அமாட்டா தனி ஆளும் இல்லை. தென்னிந்தியாவில் யூக்ரோமியா பாலிமினா என்று ஒரு சொந்தக்காரி உண்டு. அதன் புழு சர்க்கரைவள்ளிக் குடும்பக் கொடிகளில் வளரும். கரிய இறக்கையில் செம்மஞ்சள் திட்டுகள், உடலில் சிவப்பும் மின்னும் நீலமும் மாறி மாறி வரும் வளையங்கள். அந்துப்பூச்சி என்றால் சாம்பல் நிறத்தில் டியூப்லைட்டைச் சுற்றுவது என்று நினைத்திருப்பவர்கள் அதை ஒருமுறை பார்க்க வேண்டும். காப்பிச் செடியில் புழுவாக வளரும் செஃபனோடெஸ் ஹைலாஸ் பெரிய வண்டுத் தேனீயின் சாயலில் பூவுக்குப் பூ நின்று பறக்கும். கூட்டிலிருந்து வெளிவரும்போது அதன் இறக்கை முழுதும் சாம்பல் செதில் இருக்கும். முதல் பறத்தலிலேயே அவ்வளவையும் உதறிவிட்டுக் கண்ணாடி இறக்கையோடு கிளம்பிவிடும்.

உண்மைக் குளவிக்கு வருவோம். இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களின் மண்சுவர் வீடுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு குளவிக்கூடு ஒட்டியிருக்கும். அதைக் கட்டும் மண்குளவிக்கு ஸ்கெலிஃப்ரான் மெட்ராஸ்படானம் என்று பெயர். பெயரிலேயே மதராசப்பட்டினம் இருக்கிறது. பெயர் வைத்தவர் லின்னேயஸின் மாணவரான டென்மார்க்குக்காரர் யோகான் கிறிஸ்டியன் ஃபேப்ரீசியஸ், ஆண்டு 1781. நம் அமாட்டாவை முதலில் விவரித்து எழுதியவரும் அவர்தான், அதே 1781இல். அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. அன்று டென்மார்க்கின் கையில் இருந்த தரங்கம்பாடியில் 1768 முதல் மருத்துவராக இருந்த கோனிக் போன்றவர்கள் கப்பலில் அனுப்பிய பூச்சிகள்தாம் அவர் மேசைக்குப் போயின. குண்டூசியில் குத்திய பூச்சியை வைத்து எழுதியவருக்கு, இரண்டும் ஒரே பூங்கொத்தில் அடுத்தடுத்து உட்காரும் என்று எப்படித் தெரியும்? பின்னால் வந்தவர்களும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. பிரிட்டிஷ் இந்திய விலங்கினங்கள் வரிசையில் அந்துப்பூச்சிகளின் முதல் தொகுதியை 1892இல் எழுதியவர், தேயிலை பயிரிட நீலகிரிக்கு வந்த ஹாம்ப்சன். குளவிகள், தேனீக்கள் தொகுதியை 1897இல் எழுதியவர் ராணுவத்திலிருந்து பர்மா வனத்துறைக்குப் போன பிங்ஹாம். புத்தக அலமாரியில் அந்தும் குளவியும் இன்றுவரை வேறு வேறு தட்டில்தான்.

மண்குளவி ஈரமான சேற்றை உருண்டையாகக் கடித்தெடுத்து வந்து அறை அறையாகக் கட்டும். ஒவ்வோர் அறையிலும் சிலந்திகளைக் கொட்டி, உயிர் போகாமல், அசைய மட்டும் முடியாமல் செய்து அடுக்கும். முட்டையிட்டு வாயை மண்ணால் பூசிவிட்டுப் போய்விடும். குட்டிப் பானை வடிவில் கூடு செய்யும் குயவக் குளவிக்கு வேறு பழக்கம். பானை முடிந்ததும் முதல் வேலையாக உள்கூரையிலிருந்து ஒரு நூலில் முட்டையைத் தொங்கவிடும், பிறகுதான் இரை தேடிப் போகும். அதன் இரை மயிரில்லாத பச்சைப் புழுக்கள். அவற்றில் பெரும்பாலானவை அந்துப்பூச்சிகளின் புழுக்கள்.

வீட்டில் குளவி கூடு கட்டினால் அங்கே குழந்தை பிறக்கும் என்று நம் ஊர்களில் சொல்வார்கள். கூட்டின் மண்ணைப் பார்த்து ஆணா, பெண்ணா என்று சொல்லும் பாட்டிகளும் உண்டு. மனிதக் குழந்தைக்கு இது பொருந்தாது, ஆனால் குளவிக் குழந்தைக்குக் கச்சிதமாகப் பொருந்தும். குளவிகளில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். ஆணிடமிருந்து பெற்ற விந்தைத் தாய் உடலுக்குள் சேமித்து வைத்திருக்கிறது. முட்டையிடும் நேரத்தில் அதைத் திறந்துவிடுவதா, வேண்டாமா என்பது அதன் கையில். தனித்து வாழும் குளவிகள் பலவற்றில், மகளுக்கான அறையில் இரை கூடுதலாக இருக்கும், மகனுக்குக் குறைவாக. எது ஆண் அறை, எது பெண் அறை என்று கட்டும்போதே தாய்க்குத் தெரியும்.

இன்னொரு பழைய நம்பிக்கை இதைவிடப் பிரபலம். குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து கூட்டில் அடைத்து, கொட்டிக் கொட்டித் தன்னைப்போல் ஆக்கிவிடும் என்பார்கள். குருவும் சீடனும் பற்றிப் பேசுகிற சைவப் பெரியவர்களுக்கு இது விருப்பமான உவமை. கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் சொன்னார்கள். பச்சைப் புழு உள்ளே போனது, வாசல் அடைபட்டது, சில வாரம் கழித்து மண்ணைத் துளைத்துக்கொண்டு குளவி வந்தது. நடுவில் ஒரு சாப்பாடு நடந்தது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

குளவிக்கும் அந்துக்கும் உள்ள உறவு இதுதான். குளவி வேட்டைக்காரி, அந்தின் இனம் அதன் இரை. குளவியின் உடையை அந்து உடுத்துவது குளவியை ஏமாற்றுவதற்கில்லை. பறவைகளுக்காக.

அமேசான் காட்டில் 1848 முதல் 1859 வரை பூச்சி பிடித்துக்கொண்டிருந்த ஹென்றி வால்டர் பேட்ஸ், 1862இல் வெளியான கட்டுரையில் இதற்கு விளக்கம் சொன்னார். தின்ன முடியாத ஒன்றின் தோற்றத்தைத் தின்னக்கூடிய ஒன்று பெற்றிருந்தால், முன்பு ஒருமுறை சூடுபட்ட பறவை இரண்டையும் விட்டுவிடும். கொஞ்சம் கூடுதலாகக் குளவிச் சாயல் இருந்த அந்துக்கள் கொஞ்சம் கூடுதலாகப் பிழைத்தன. தலைமுறை தலைமுறையாக அந்தச் சாயல் கூடிக்கொண்டே வந்தது. டார்வினின் நூல் வெளிவந்து மூன்றே ஆண்டுகளில் இப்படி ஒரு சான்று கிடைத்ததில் டார்வினுக்கு ஏக மகிழ்ச்சி.

அப்படியானால் வேடம் ஏன் இவ்வளவு அரைகுறையாக இருக்கிறது? விரித்த இறக்கை, மந்தமான பறத்தல், இல்லாத இடுப்பு; நமக்கே ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடுகிறதே. என் கருத்தில், பறவைக்கு ஐந்து நிமிடம் இல்லை என்பதுதான் பதில். கரிச்சான் ஒன்று கிளையிலிருந்து பாயும்போது முடிவெடுக்க அதற்குக் கிடைப்பது ஒரு நொடிக்கும் குறைவு. அந்தை விட்டுவிட்டால் போவது ஒரு வாய் இரை. குளவியைத் தவறிப் பிடித்தால் கொட்டு நாக்கில் விழும். இந்தக் கணக்கில், சந்தேகம் வந்தாலே விலகுவது லாபம். ஆகவே அந்து முழுக் குளவியாக வேண்டியதில்லை, சந்தேகத்தைக் கிளப்பினால் போதும்.

எல்லாப் பறவையிடமும் இது செல்லாது. மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பஞ்சுருட்டானைப் பாருங்கள். தேனீயும் குளவியும்தான் அதன் அன்றாட உணவு. பிடித்ததும் கிளையில் அடித்து, வாலைத் தேய்த்து நஞ்சை வெளியேற்றிவிட்டு விழுங்கும். பஞ்சுருட்டான் முன் குளவி வேடத்தில் போவது வம்பை விலை கொடுத்து வாங்குவது. கூட்டைப் பிய்த்துக் குளவிப் புழுக்களைத் தின்னும் தேன்பருந்துக்கும் குளவி மேல் பயம் இல்லை. ஒரு மலையில் எந்தப் பறவைகள் எவ்வளவு இருக்கின்றன என்பதைப் பொறுத்தே அந்த வேடத்துக்கு மதிப்பு.

வேடம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், அந்துக்கு இது கொஞ்சம் அநியாயம். அதன் உறவுகளில் பலவற்றுக்குச் சொந்தமாகவே கசப்பு உண்டு. ஜவ்வாது மலையில் கிலுகிலுப்பைச் செடி பூத்துக் காய்க்கும் இடங்களில், வெள்ளை இறக்கையில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி வைத்த சிறிய அந்து ஒன்று காலடியில் எழும்பிப் பறக்கும். யுட்டிதைசா என்பது அதன் பேரினம். புழுப்பருவத்தில் கிலுகிலுப்பை விதையைத் தின்று, அதிலுள்ள நஞ்சை உடலில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் இதே பேரினத்து அந்து ஒன்றை ஆராய்ந்த கார்னெல் பல்கலைக்கழகத்துத் தாமஸ் ஐஸ்னர் கண்டது வியப்பானது. வலையில் அது சிக்கினால், சிலந்தி வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, தானே இழைகளை வெட்டி அதை விடுதலை செய்துவிடுகிறது. ஐஸ்னரும் வில்லியம் கானரும் சகாக்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அமாட்டாவுக்கு இன்னும் நெருங்கிய சொந்தம் பற்றியது. ஃபுளோரிடாவில் குளவிச் சாயலுள்ள ஒரு செந்நிற அந்து. அதன் ஆண், செடியிலிருந்து நஞ்சை உறிஞ்சி, வயிற்றடிப் பையில் உள்ள பஞ்சு இழைகளில் ஏற்றி வைத்துக்கொள்ளும். பெண்ணைச் சந்திக்கும்போது அந்த இழைகளை அவள் மேல் தூவும். அதைப் போர்த்திய பெண்ணைச் சிலந்தி தொடாது. கல்யாணக் கூறைப்புடவையே கவசமாக இருப்பது வேறெங்கும் கேள்விப்பட்டதுண்டா?

கசப்புள்ள அந்தும் கொட்டுகிற குளவியும் ஒரே மஞ்சள் கறுப்பை அணிந்தால், அது மோசடியில் சேராது, கூட்டு ஒப்பந்தம். இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தால் பறவை பாடம் கற்க ஒருமுறை பட்டால் போதும், இழப்பை இருவரும் பங்கிட்டுக்கொள்ளலாம். பிரேசிலில் குடியேறிய ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் முல்லர் 1870களின் இறுதியில் சொன்ன கணக்கு இது.

மோசடி என்று பார்த்தால் குளவி வீட்டிலேயே அது உண்டு. கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பு மாறி உருவானது, எனவே பெண்ணுக்கு மட்டுமே இருக்கும். ஆண் குளவி அதே மஞ்சள் பட்டையோடு, அதே மிடுக்கோடு திரியும். பிடித்தால் வயிற்றை வளைத்துக் கொட்டுவது போலப் பாவனையும் செய்யும், குத்துவதற்கு ஒன்றும் இருக்காது. அமாட்டாவைப் போலி என்கிறவர்கள் இவர்களை என்ன என்பார்கள்?

மலைக்காரர்களுக்கு அமாட்டா பற்றிய நினைப்பு வேறு. அதன் புழு மயிர் அடர்ந்த கம்பளிப்பூச்சி. பல செடிகளைத் தின்னும், அவற்றுள் சந்தனமும் ஒன்று. சந்தன இலையைத் தின்று மரத்தை மொட்டையாக்கும் பூச்சிகளின் பட்டியலில் காட்டியல் நூல்கள் இதையும் குறிப்பிடுகின்றன. ஜவ்வாது மலை ஒரு காலத்தில் சந்தன மலை. திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கு இருப்பதும் அதனால்தான். கடத்தலில் பெருமரங்கள் போயின. 2002இல் சட்டம் தளர்ந்த பிறகு தனியார் நிலத்திலும் சந்தனம் வைக்கிறார்கள். கன்று வைத்தவருக்குப் பூவில் உட்கார்ந்திருக்கும் அழகு கண்ணில் படாது, இலையில் ஓட்டை விழுந்திருப்பதுதான் படும். அதற்காக மருந்தடிக்கப் போனால் முதலில் சாவது புதரில் திரியும் குளவிகள். புழுக்களைக் கூலி வாங்காமல் பொறுக்கிக்கொண்டிருந்தவை அவைதாம்.

காகிதக் குளவி புழுவைக் கண்டால் கொட்டி அடைத்து வைப்பதில்லை, அங்கேயே கடித்துக் குதறி உருண்டையாக்கிக் கூட்டிலுள்ள புழுக்களுக்கு ஊட்டும். செடியின் நாரை மென்று காகிதமாக்கிக் கட்டிய அந்த மூடியில்லாத கூட்டை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து பார்த்தார். ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற ஒரே இனத்தைப் பற்றி 2001இல் ஒரு முழு நூல் எழுதினார். அந்தக் கூட்டில் ராணிதான் எல்லாரையும்விடச் சாது. அவளை எடுத்துவிட்டால், அதுவரை சாதாரண வேலைக்காரியாக இருந்த ஒருத்தி திடீரென்று மற்றவர்களை விரட்ட ஆரம்பிப்பாள். அவள்தான் அடுத்த ராணி. இந்தக் கூடுகளைச் சூறையாட வரும் பெரிய கதண்டு தனிக்கதை. அதை இன்னொரு வாரம் பார்ப்போம்.

அமாட்டாவின் கம்பளிமயிர் இந்தப் பெரிய குளவிகளிடமிருந்து ஓரளவு காப்பாற்றலாம். மயிருக்கு நடுவே புகுந்து முட்டையிடும் அளவுக்குச் சிறிய குளவிகளும் இருக்கின்றன. கொசுவைவிடப் பெரிதாக இருக்காது. கறுப்பு உடல், மஞ்சள் பட்டை எதுவும் இல்லை. யாரையும் மிரட்ட வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. கம்பளிப்பூச்சியின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். வெளியே புழு இலை தின்றுகொண்டிருக்கும், உள்ளே குளவியின் குஞ்சுகள் புழுவைத் தின்றுகொண்டிருக்கும். முக்கிய உறுப்புகளைக் கடைசி வரை தொடாமல் விட்டுவைப்பதால் புழு சாகாது. வளர்ந்து முடிந்ததும் தோலைத் துளைத்து வெளியே வந்து, அதன் முதுகிலேயே அரிசி அரிசியாக வெள்ளைக் கூடுகள் பின்னிக்கொள்ளும்.

சந்தனக் கன்றின் இலையிலோ முருங்கை மரத்திலோ இப்படி வெள்ளை அரிசி ஒட்டிய கம்பளிப்பூச்சியைப் பார்த்தால், புழுவின் முட்டை என்று நினைத்து நசுக்கிவிடுகிறார்கள். நசுக்காமல் கிளையோடு ஒடித்து, மெல்லிய துணி கட்டிய பாட்டிலில் போட்டு வையுங்கள். சில நாளில் அந்த வெள்ளைக் கூடுகளிலிருந்து குளவி வரும். கொட்டிக் கொட்டி உருமாறியது எதுவும் அதில் இருக்காது. பெரியவர்கள் பார்த்ததாகச் சொன்ன காட்சி மட்டும் அப்படியே நடக்கும்.